கடல் கொடுத்தது யாருக்கு?

நடுவர் அவர்களே, "கடலில் போன பொருள் உடையவனுக்கே சொந்தம்" என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார். யார் இல்லைன்னு சொன்னாங்க? எடுத்துக் கொடுத்தவனுக்கு என்ன பங்கு? அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாரே!

ஒரு காலத்துல உடையவனுக்கும் கிடையாது, எடுத்தவனுக்கும் கிடையாது, எல்லாம் ராஜாவுக்கு! ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகம். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45-இல் அங்கே ஓர் அபய சாசனம் வெட்டி வைத்தான். புயலில் சிக்கிய கப்பலின் சரக்கை முன்னாள் மன்னர்கள் பறித்தார்கள். இனி சுங்கம் மட்டும் கொடுத்தால் போதும் என்றான். வணிகன் பிழைத்தான். சரி, குளித்து எடுத்தவன்?

தூத்துக்குடிக்கு வாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு. கரையில் ஆழம் இல்லை. பெரிய கப்பல் ஐந்தாறு மைல் தள்ளி நிற்கும். பஞ்சுப் பொதி தோணியில் போகும். காற்று திரும்பினால் பொதி எந்த ஊர்க் கரையில் ஒதுங்குமோ, யார் கண்டது? கண்டவன் வீட்டுக்குக் கொண்டுபோனால், 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு பாயும். 1880-இல் வந்த வணிகக் கப்பல் சட்டப்படி, ரிசீவர் என்ற அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். உடையவன் வந்து கேட்கக் கெடு உண்டு. (எங்க வீட்டிலும் ரிசீவர் உண்டு. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பத்து ரூபாய் இருந்தால், கெடு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது!)

எடுத்தவனுக்கு? "நியாயமான" மீட்புக் கூலி. எது நியாயம்? தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகணும். தோணிக்காரன் கடலுக்குப் போவானா, கச்சேரிக்குப் போவானா?

இதே கடலில் முத்துச் சலாபம் நடந்ததே! கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டுப் பாகம் ஆழம் இறங்கினான். கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் போட்டார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு. மூன்றில் இரண்டு அநியாயம்தான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தலை நனையும் முன்பே தன் பங்கு அவனுக்குத் தெரியும்!

அதே கடல், அதே மூச்சு. சிப்பிக்குக் கணக்கு உண்டு. மூழ்கிய சரக்குக்கு அதிகாரி மனசுதான் கணக்கு. சுதந்திர இந்தியா 1958-இல் புதிய கப்பல் சட்டம் எழுதியபோதும், அந்த இடத்தில் "நியாயமான" என்ற அதே சொல்லைத்தான் போட்டார்கள்.