பேரியாட்ரிக்

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனைப் பலகைகளில் காணும் பெயர் ‘பேரியாட்ரிக்’. கிரேக்கத்தில் ‘பாரோஸ்’ என்றால் எடை, ‘இயாட்ரோஸ்’ மருத்துவர். நம் ‘பாரம்’ போலவே ஒலித்தாலும் பாரோஸுக்கு அதனோடு உறவில்லை. பாரம், சுமத்தலைக் குறிக்கும் சம்ஸ்கிருத வேரில் பிறந்தது. பாரோஸின் உண்மையான பங்காளி, கனமானது என்று பொருள்படும் சம்ஸ்கிருத ‘குரு’! மிகை எடையைக் குறிக்கும் ‘பருமன்’ பருத்தலில் வந்த தமிழ்ச் சொல். ‘குண்டு’ என்பதில் உள்ள கேலி இதில் இல்லை. பி.எம்.ஐ. எனும் உடல் நிறைக் குறியீட்டெண் 40ஐத் தொட்டால் கடும் பருமன் என்பது பொதுக் கணக்கு.

இந்த அறுவை சிகிச்சையின் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மீதியைச் சட்டைக்கை போலக் குழாயாக்குகிறார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. இன்னொரு முறை ‘பைபாஸ்’. அப்பெயரைக் கேட்டதும் நமக்கு இதயம்தான் நினைவுக்கு வரும். இங்கே சுற்றுவழியில் போவது சோறு.