இருநூற்றெழுபத்தைந்தாம் நாள்

நம் முன்னோர் காலத்தில் நாட்களைக் குறிக்கும் முறை இருவகைப்பட்டிருந்தது. அரசர் ஆணைகளும் அறக்கொடைகளும் மன்னன் முடிசூடிய ஆண்டினை முதலாகக் கொண்டு, யாண்டு இத்தனையாவது, நாள் இத்தனையாவது என்று கல்லில் பொறிக்கப்பெற்றன. திருவிழாக்களோ திங்களையும் விண்மீனையும் கொண்டு அமைந்தன. தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயில் வரலாற்றில் இவ்விரு வகை நாட்களும் சிறப்புற விளங்குகின்றன.

முதலாம் இராசராச சோழன் அரியணை ஏறியது 985ஆம் ஆண்டு சூன் 25க்கும் சூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் என்று கல்வெட்டறிஞர் கணித்துள்ளனர். அம்மன்னனது இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் நிகழ்ந்த ஒரு செயலைப் பெரிய கோயில் விமானத்தின் கல்வெட்டு எடுத்துரைக்கின்றது. விமான உச்சியிலே வைத்தற்பொருட்டுச் செப்புக்குடம் ஒன்றினை மன்னன் அன்று அளித்தான். அக்குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்த பொன்தகட்டின் நிறை 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சையும் விடாது எழுதிய திறம் வியத்தற்குரியது! பேரரசன் கொடுத்த பொருளாயினும் நிறுத்தே ஏற்றனர் என்பது இதனால் விளங்கும். பொன் நிறுத்தற்கென்றே ஆடவல்லான் என்னும் இறைவன் திருப்பெயர் பூண்ட எடைக்கல் ஒன்று அக்கோயிலில் வழங்கியது.

மேற்கூறிய கணக்கின்படி அந்நாள் 1010ஆம் ஆண்டு மார்ச்சு இறுதிக்கும் ஏப்ரல் இறுதிக்கும் இடையே அமைகின்றது. குடம் அளித்த நாளே குடமுழுக்கு நாள் எனக் கொள்வாரும் உளர். கல்வெட்டு கூறுவது குடம் அளித்ததனை மட்டுமே. ஆயினும் சிகரத்தின்மேல் கலசம் ஏறும் வேளையே கோயிற்பணி நிறைவுறும் வேளை ஆதலின், அவ்வாறு கருதுவது பொருத்தமற்றதன்று.

இதனினும் நெஞ்சை ஈர்ப்பது மற்றொரு நாள். அது இருபத்தாறாம் ஆட்சியாண்டின் இருபதாம் நாள். அன்று மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தனவும், தமக்கையார் கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், ஏனையோர் கொடுத்தனவும் ஆகிய யாவும் திருவிமானத்திலே கல்லில் வெட்டப்பெறுக என்பதே அவ்வாணை. தமக்கையார் என்பார் குந்தவைப் பிராட்டியார். தன் பெயரோடு பிறர் பெயரும் நிலைபெறல் வேண்டும் என்று எண்ணிய மன்னர் எத்துணைப் பேர்! அவ்வாணையின் பயனாகவே, கோயில் நிருவாகம் புரிந்த ஆதித்தன் சூரியன் என்னும் அதிகாரி நாயன்மார் திருமேனிகளைச் செய்தளித்த செய்தியும், குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் சிற்பியின் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன.

இக்கல்வெட்டுக்கள் இல்லையாயின் யாது நேர்ந்திருக்கும்? அதற்கு ஊகம் வேண்டுவதில்லை, நேர்ந்தே விட்டது. காலப்போக்கில் பழைய எழுத்தைப் படிப்பார் அருகினர். வடமொழியில் எழுந்த தலபுராணம், கரிகாற் சோழன் தன் நோய் நீங்கப்பெற்று இக்கோயிலை எடுப்பித்தான் என்று கூறிற்று. மக்களும் அதனை நம்பினர். எடுப்பித்தவன் பெயர் சுவரிலேயே இருக்க, அச்சுவரினை வலம்வந்தோர் வேறொரு பெயரைச் சொல்லிச் சென்றனர். செருமானிய அறிஞர் ஊல்சு இக்கல்வெட்டுக்களைப் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் வெளியிட்டார். அதன் பின்னரே இராசராசனது பணி ஐயத்திற்கு இடமின்றி யாவர்க்கும் புலனாயிற்று.

இனி விண்மீன் நாளினைக் காண்போம். இராசராசன் பிறந்த மீன் சதயம். ஆண்டின் பன்னிரு சதய நாட்களிலும் பெரிய கோயிலில் விழா எடுக்கப்பெற்றமை கல்வெட்டால் அறியப்படுகின்றது. திங்கள் ஐப்பசி என்பதனைத் தெளிவிப்பது குமரி மாவட்டத்துத் திருநந்திக்கரைக் கல்வெட்டு. மன்னனது பதினெட்டாம் ஆட்சியாண்டில் முட்டம் என்னும் ஊர் மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயர் மாற்றப்பெற்று, ஐப்பசிச் சதயத்தில் முடியும் ஏழு நாள் விழாவிற்குக் கொடையாக அளிக்கப்பட்டது. தஞ்சையினின்றும் நெடுந்தொலைவில், சேர நாட்டு எல்லையில் எழுந்த கல்லே மன்னனது பிறந்த திங்களைக் காத்துத் தந்தது! இன்றும் தஞ்சையில் ஆண்டுதோறும் ஐப்பசிச் சதயத்தன்று விழா நடைபெறுகின்றது.

கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா 2010ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழக அரசால் கொண்டாடப்பெற்றது. குடம் அளித்த நாளின் கணக்குப்படி அது இளவேனிலில் வந்திருத்தல் வேண்டும். எனினும் ஆண்டு பிழைபடவில்லை. பின்னர், 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், பல்லாயிரவர் கண்டு வணங்க, இராசராசன் குடம் ஏற்றிய அதே விமானத்தின் உச்சியில் மீண்டும் திருக்குட நன்னீராட்டு நிகழ்ந்தது.