கேரவன் ஊர்தி வண்ணப்பூச்சு மீட்பு

கேரவன் ஊர்தி வண்ணப்பூச்சு மீட்பு என்பது, தங்கும் வசதியுடைய பழைய ஊர்தி ஒன்றின் மங்கிய, வெடித்த அல்லது உரிந்த வெளிப்பூச்சைச் சீராக்கும் பணிகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் கேரவன் என்றவுடன் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் ஊர்தியே பலரின் நினைவுக்கு வரும். இத்தகைய ஊர்திகள் பெரும்பாலும் பேருந்து அல்லது சரக்குந்து அடிச்சட்டத்தின்மீது கூண்டு கட்டும் பட்டறைகளில் உருவாக்கப்படுகின்றன. பேருந்துக் கூண்டு கட்டுதலுக்குக் கரூர் பெயர் பெற்ற நகரமாகும். இந்தியாவில் இவ்வகை ஊர்திகளுக்கென ஏ.ஐ.எஸ்-124 என்னும் தனித் தரம் உண்டு.

வெளிப்பூச்சு அழகுக்காக மட்டும் அன்று. பூச்சு வெடித்த இடத்திலும் மூட்டுகளிலும் புகும் மழைநீர் உட்புற ஒட்டுப்பலகையை ஊறவைக்கிறது. எஃகுச் சட்டத்தைத் துருவாக்குகிறது. வெளியே கைப்பிடியளவு தெரியும் கொப்புளத்தின் பின்னால் ஒரு முழப் பலகை மக்கியிருப்பது புதுமையன்று. ஆகவே கசிவை நிறுத்தாமல் வண்ணம் அடிப்பது வீண் செலவாகும்.

== பூச்சு கெடும் விதம் ==

வெள்ளைப் பூச்சுகளில் நிறம் தருவது பெரும்பாலும் டைட்டேனியம் டைஆக்சைடு ஆகும். இதற்கான மூலக்கனிமமான இல்மனைட்டு, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் படும்போது இந்நிறமி தன்னைச் சூழ்ந்துள்ள பிசினைச் சிதைக்கும் வினைகளைத் தூண்டுகிறது. பிசின் அரிக்கப்பட்டபின் நிறமித் துகள்கள் பிடிப்பின்றித் தங்கிவிடுகின்றன. பழைய ஊர்தியைத் தடவினால் விரலில் வெண்பொடி ஒட்டுவதன் காரணம் இதுவே. இவ்வினையைக் குறைக்கவே இன்றைய நிறமித் துகள்கள்மீது அலுமினா, சிலிக்கா போன்ற மேலுறைகள் இடப்படுகின்றன.

திண்டிவனம், மேல்சித்தாமூர் பகுதிகளில் வெயிலும் சாலைப் புழுதியும் முதன்மைப் பகைகளாகும். கிழக்கே உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற மரக்காணம் நோக்கிச் செல்லச் செல்ல உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகு முடுக்கப்பட்டுள்ள இடங்களில் உப்பு ஈரம் மின்பகுபொருளாகச் செயல்படுவதால், திருகைச் சுற்றியுள்ள அலுமினியம் விரைவாக அரிக்கப்படுகிறது.

== பரப்பை அறிதல் ==

முதலில் தகட்டின் வகையை அறிதல் வேண்டும். காந்தம் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிடில் அலுமினியம் அல்லது கண்ணாடி இழை நெகிழி (வழக்கில் 'ஃபைபர்'). எஃகின்மீது தடிமனாகப் பட்டி இருந்தாலும் காந்தம் ஒட்டாது என்பதை மறக்கலாகாது.

ஃபைபர் பரப்பின் மேலுள்ளது பெரும்பாலும் வண்ணப்பூச்சே அன்று. வார்ப்பிலேயே உருவான 'ஜெல்கோட்டு' என்னும் நிறமேற்றிய பிசின் படலம் ஆகும். இதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஆலையில் பூசப்பட்ட ஊர்திப் பூச்சின் மொத்தத் தடிமனோ பொதுவாக 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் வரையே. எனவே ஜெல்கோட்டைப் பலமுறை தேய்த்து மெருகேற்றலாம். பூச்சை அவ்வாறு தேய்த்தால் அடித்தளம் வெளிப்பட்டுவிடும்.

பழைய பூச்சின் வகையைத் தின்னர் நனைத்த துணியால் மறைவான இடத்தில் துடைத்து அறியலாம். நைட்ரோசெல்லுலோசு பூச்சு கரைந்துவிடும். நன்கு இறுகிய இருகூற்றுப் பாலியூரித்தேன் கரையாது. நைட்ரோசெல்லுலோசு பூச்சை 1923-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 'டூகோ' என்னும் பெயரில் ஊர்திகளுக்கு அறிமுகப்படுத்தியது. வாரக்கணக்கில் உலர்ந்த பழைய எண்ணெய்ப் பூச்சுக்கு மாற்றாக மணிக்கணக்கில் உலர்ந்ததால் அது பரவியது. நம் பட்டறைகளில் இப்பெயர் இன்றும் வழங்குகிறது. எனாமல்மீது இதன் வலிய தின்னர் பட்டால் அடிப்பூச்சு சுருங்கி எழும்பும். பாதி வேலையில் இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்பே துணியால் துடைத்துப் பார்ப்பது மேல்.

== மெருகேற்றலா, மறுபூச்சா ==

ஊர்தியைச் சோப்பு நீரில் கழுவி, ஒரு சதுர அடிப் பரப்பில் தேய்ப்புப் பசையைக் கையால் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். நிறமும் பளபளப்பும் திரும்பினால் மறுபூச்சு தேவையில்லை. மங்கல் மிகுந்திருந்தால் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர்களால் படிப்படியாக நீர்விட்டுத் தேய்த்துப் பின்னர் மெருகேற்றலாம். விளிம்புகளில் பூச்சு மெலிந்திருப்பதால் அங்கு இயந்திரம் படக்கூடாது. இறுதியில் மெழுகு பூசாவிடில் சில மாதங்களில் மீண்டும் மங்கும்.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் துடைத்துப் பளபளப்பூட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. இது ஈரப்பசை தரும் தோற்றமேயன்றி மீட்பு அன்று. எஞ்சும் எண்ணெய்ப்படலம் புழுதியைப் பிடித்துவைப்பதுடன், பிற்காலத்தில் அடிக்கும் வண்ணம் ஒட்டாமலிருக்கவும் காரணமாகிறது.

பூச்சு உரிந்தோ ஆழமாக வெடித்தோ இருந்தால் மறுபூச்சே வழி. துருவை உலோகம் தெரியும்வரை சுரண்டி, எப்பாக்சி பிரைமர் அடித்து, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, சமனாகத் தேய்த்தபின் மேற்பூச்சு அடிக்கப்படுகிறது. அலுமினியத்துக்கு அதற்குரிய அரிப்புப் பிரைமர் தேவை. கூரை மூட்டுகளின் பழைய அடைப்புப் பசையையும் இக்கட்டத்திலேயே நீக்கிப் புதுப்பித்தல் நன்று. சிலிக்கோன் பசைமேல் வண்ணம் ஒட்டாது. அதன் சுவடு துளியளவு எஞ்சினாலும் புதுப்பூச்சில் 'மீன்கண்' எனப்படும் குழிகள் விழும்.

விழுப்புரம் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம் திறந்தவெளிப் பூச்சுவேலைக்கு ஏற்றதன்று. ஈரக்காற்றில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து நீர் படிவதால் வெண்மூட்டம் உண்டாகிறது. தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியசு கூடுதலாக இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. சித்திரை வெயிலில் நேர்மாறான சிக்கல்: துளிகள் காற்றிலேயே உலர்ந்து சொரசொரப்பாக விழும். மெதுவாக ஆவியாகும் தின்னர் இதற்கு உதவும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பனி உலர்ந்தபின் காலையில் தொடங்குவது வசதியானது.

== உடல்நலக் கேடுகள் ==

இருகூற்றுப் பாலியூரித்தேனின் இறுக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. தெளிப்பு வண்ணம் அடிப்போருக்குத் தொழில்சார் ஆசுத்துமா வருவதற்கு இவை முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர் மிகச்சிறு அளவே கடுமையான மூச்சுத்திணறலைத் தரக்கூடும். தீங்கு தரும் அளவை மூக்கால் உணர முடியாது என்பதால் வடிகட்டி தீர்ந்ததும் தெரியாது. வெளியிலிருந்து தூய காற்று செலுத்தும் முகமூடியே பாதுகாப்பானது. பட்டறைகளில் காணப்படும், முகத்தில் கட்டிய கைக்குட்டையால் எப்பயனும் இல்லை. இவ்வசதி இல்லாதவர் இருகூற்றுப் பூச்சைத் தாமே அடிக்காதிருத்தல் வேண்டும்.

பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூச்சுகளில் ஈயக் குரோமேட்டு இருக்கக்கூடும். இந்தியாவில் 2016-இல் வெளியிடப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், வீட்டு உபயோக, அலங்காரப் பூச்சுகளில் மட்டுமே ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குக் கட்டுப்படுத்துகின்றன, ஊர்திப் பூச்சு அவற்றுள் அடங்காது. எனவே பழைய பூச்சை உலர்நிலையில் தேய்த்துத் தூசு கிளப்பாமல் நீர்விட்டே தேய்த்தல் வேண்டும். ஈயத்தால் மிகுதியாகப் பாதிக்கப்படுவோர் குழந்தைகள் என்பதால், வீட்டு வாசலில் இவ்வேலையைச் செய்வோர் கழிவுநீர் மண்ணில் ஓடாமல் பிடித்து அகற்றுதல் வேண்டும்.

== நிறமும் சட்டமும் ==

ஊர்தியின் நிறம் பதிவுச் சான்றில் குறிக்கப்படுவதால், நிறத்தை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதே நிறத்தை மீண்டும் அடிப்பதற்கு இது பொருந்தாது. மத்திய மோட்டார் ஊர்தி விதிகள், 1989-இன்படி ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை ஊர்திகளுக்கே உரியது. கருமை சார்ந்த நிறங்கள் வெயிலை உறிஞ்சி உட்புறத்தைச் சூடாக்குவதோடு ஃபைபர் தகடுகள் நெளியவும் காரணமாகலாம் என்பதால், கூரைக்கேனும் வெள்ளை நிறமே பொருத்தமானது.