கடன்பத்திர ஈ.டி.எஃப். நிதிகளும் நிறுவன முதலீட்டாளர்களும்

கடன்பத்திர ஈ.டி.எஃப். என்பது பல கடன்பத்திரங்களைத் திரட்டி வைத்து, அதன் அலகுகளைப் பங்குகளைப் போலவே பங்குச் சந்தையில் வாங்கி விற்க வகைசெய்யும் நிதியாகும். அமெரிக்காவில் இது 2002 சூலையில் அறிமுகமானது. பின்னர் ஓய்வூதிய நிதியங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் இதில் பெருமளவில் முதலிட்டன. இவற்றின் வணிகம் மிகுந்தால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி குறையும். இது சிறு முதலீட்டாளருக்கு ஆதாயம்.

இதன் மறுபக்கம் 2020 மார்ச்சில் தெரிந்தது. கொரோனா அச்சத்தால் நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பணம் தேடின. கடன்பத்திரங்களை விற்பது கடினமானதால், ஈ.டி.எஃப். அலகுகளை விற்றன. எல்.கியூ.டி. என்ற பெரிய நிதியின் சந்தை விலை, அதன் சொத்து மதிப்பைவிடச் சுமார் 5% தாழ்ந்தது. வழக்கமாக, அங்கீகாரம் பெற்ற தரகு நிறுவனங்கள் மலிவான அலகுகளை வாங்கி, கடன்பத்திரங்களாக மாற்றி விற்று இவ்விடைவெளியை அடைக்கும். அப்போது கடன்பத்திரங்களுக்கே வாங்குவோர் குறைந்ததால் அது உடனே நடைபெறவில்லை. அந்நாட்களில் விற்ற சிறு முதலீட்டாளருக்கு அந்தத் தாழ்ந்த விலையே கிடைத்தது.

மார்ச் 23 அன்று, இத்தகைய நிதிகளை வாங்கப்போவதாக அமெரிக்க நடுவண் வங்கியான பெடரல் ரிசர்வ் அறிவித்தது. கொள்முதல் மே 12 அன்றே தொடங்கியது. ஆயினும் அறிவிப்பை அடுத்தே விலைகள் மீளத் தொடங்கின. எந்த நிதியிலும் 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவதில்லை என அது வரம்பிட்டுக்கொண்டது. 2021இல் தன் அலகுகளைப் படிப்படியாக விற்றது.

எனவே, ஒரு நிதியில் முதலிடுவோர் வட்டி வருவாயோடு, அதன் அலகுகள் யாரிடம் குவிந்துள்ளன என்பதையும் பார்ப்பது நல்லது.