கேட்க வந்தவர்களும் கேட்டுவிட்டுப் போனவர்களும்



சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்பிலே நடத்திக்கொண்டிருந்தேன். மாதவி ஆடவந்த அரங்கின் அளவை இளங்கோவடிகள் கோல் கணக்கிலே தருகிறார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் இலக்கணம் சொல்கிறார். முடிவில் மன்னன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் வழங்குகிறான். இவ்வளவையும் விளக்கி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், பார்த்துக்கிட்டு இருந்த சனம் என்ன சொல்லிச்சு?" என்று கேட்டான்.

என்னிடம் உடனே பதில் இல்லை. அரங்கின் உயரம் தெரிகிறது. பரிசுப் பொன்னின் எடை தெரிகிறது. கூடியிருந்த சாதாரண மக்களின் முகம் அவ்வளவாகத் தெரியவில்லை. பாடியவர்களின் வரலாறு நம்மிடம் நிறைய உண்டு. கேட்டவர்களின் வரலாறு குறைவு. கேட்க வந்தவர் ஏமாந்து திரும்பியதும், எதிர்பாராத ஒன்றைக் கேட்டு வியந்து நின்றதும் இசை வரலாற்றின் பகுதிகளே. அவற்றை இன்று சற்றுப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

1808ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி வியன்னா நகரில் பீத்தோவன் தமது புதிய ஆக்கங்களை அரங்கேற்றினார். கடுங்குளிரில் நிகழ்ச்சி ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீண்டது. ஒத்திகை போதவில்லை. இறுதி உருப்படி நடுவிலே குழம்பி, மீண்டும் தொடங்கவேண்டியதாயிற்று. வந்தவர்கள் களைத்துப் போனார்கள். ஆனால் உலகம் இன்று தலைமேல் வைத்துப் போற்றும் ஐந்தாவது, ஆறாவது சிம்பனிகள் முதன்முதலில் ஒலித்தது அந்த இரவில்தான். ஏமாற்றமும் அதிசயமும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருந்தன என்று சொல்லலாம்.

1965ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில், பொப் டிலான் மின்சாரக் கிற்றாருடன் மேடையேறினார். எளிய கிற்றாருடன் நாட்டுப்பாடல் மரபில் பாடும் இளைஞரை எதிர்பார்த்து வந்தவர்களிற் சிலர் கூச்சலிட்டனர். நாட்டார் இசை என்றால் அது தாங்கள் அறிந்தபடியே இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

தமிழரிடத்தே இதனினும் கசப்பான நிகழ்ச்சி உண்டு. 1946ஆம் ஆண்டு திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையின்போது தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் ஒன்றைப் பாடினார். அதனால் சந்நிதானத்தின் தூய்மை கெட்டதென்று அங்கு எதிர்ப்பு எழுந்தது. இதனைக் கண்டித்து இளைஞராயிருந்த மு. கருணாநிதி 'குடியரசு' இதழில் எழுதிய கட்டுரைக்குத் 'தீட்டாயிடுத்து' என்பதே தலைப்பு. இசையரங்குகளில் தமிழுக்கு இடம் கேட்டு எழுந்த தமிழிசை இயக்கம் அப்போது ஐந்து வயதைத் தாண்டியிருக்கவில்லை. அன்று அங்கே சுருதி பிசகவில்லை, தாளம் தவறவில்லை. மொழிதான் குற்றமாயிற்று.

நமது நாட்டுக்கு வருவோம். 1926ஆம் ஆண்டளவில் கொழும்பிலே நாடகம் நடத்திக்கொண்டிருந்தார் கே.பி. சுந்தராம்பாள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொழும்பு வந்தார். அந்தப் பெண்ணின் குரலுக்கு முன்னால் நின்று பிடிக்க முடியாது, அவருடன் சேர்ந்து மேடையேற வேண்டாம் என்று கிட்டப்பாவை நண்பர்கள் எச்சரித்தார்களாம். இருவரும் சேர்ந்து நடித்தார்கள். யார் தோற்பார் என்று பார்க்க வந்தவர்களுக்குத் தோல்வி காணக் கிடைக்கவில்லை. தமிழ் நாடக மேடையின் மிகச் சிறந்த இணையொன்று கிடைத்தது. அடுத்த ஆண்டே இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர்.

அக்காலத்தில் நமது மலைகளில் கச்சேரி மண்டபம் ஏது? சபா ஏது? ஆனால் இசை இருந்தது. விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு முழங்கியது அதே தப்பு. பொன்னர் சங்கர் கூத்தும் அருச்சுனன் தபசும் விடிய விடிய நடந்தன. கொழுந்து மலையில் தெம்மாங்கு, தொட்டிலருகே தாலாட்டு, இழவு வீட்டில் ஒப்பாரி. இங்கே பாடுபவரும் கேட்பவரும் ஒரே லயத்து ஆட்கள். மேடை என்ற உயரம் இல்லாதபடியால் ஏமாற்றம் என்ற பள்ளமும் இல்லை. தோட்டத்து விடியலில் அதிரும் பறையொலியைத் தமது ஆங்கில நெடுங்கவிதையில் பதித்துவைத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1954இல் வெளிவந்த அந்நூலைச் சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். வேலுப்பிள்ளையே பின்னர் நம்மவர் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலையும் தந்தார்.

நமது மண்ணில் மக்களை வியப்பில் ஆழ்த்திய மேடைப்பாட்டு என்றால் நான் முதலில் நினைப்பது மீனாட்சியம்மையைத்தான். அவருடைய கணவர் கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டு அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க இயலாத காலம் அது. புடவை வியாபாரி வேடத்தில் நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைந்த கதையை நம் முதியோர் பலரும் சொல்லக் கேட்டிருப்போம். அவர் கூட்டிய கூட்டங்களில் மீனாட்சியம்மை பாரதியின் பாடல்களையும், தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார்.

அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். சம்பளக் குறைப்பைப் பற்றியும் கங்காணியின் கடனைப் பற்றியும் யாரோ பேசப்போகிறார் என்று மலையிறங்கி வந்த கூட்டம். முன்னால் வந்து நிற்பவர் ஒரு பெண். அவர் பாடுவது சாமிப்பாட்டும் இல்லை, கூத்துப்பாட்டும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவனுடைய சொந்த வாழ்க்கை. தன் காம்பராவின் இருட்டையும், தன் பேர்ச்சிட்டில் விழாத நாட்களையும் ஒருவர் இராகத்தோடு பொதுவெளியில் பாட முடியும் என்பதே அவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு எதிரான நெருக்கடி முற்றிய வேளையில், 1940ஆம் ஆண்டு, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் தமது பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். பேச்சு காதோடு நின்றாலும் பாட்டு வாயோடு போய்விடும். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத மக்களிடம் பாட்டு ஒரு துண்டுப்பிரசுரத்தின் வேலையைச் செய்தது.

இன்னொரு இசையும் உண்டு. அதைக் கேட்க யாரும் விரும்பிப் போகவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும், 3,00,000 பேர் இங்கே தங்கலாம் என்று கணக்கிட்டார்கள். தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்தின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, உயிரோடு போகிறவர்களுக்கே ஒப்பாரி வைத்தார்கள் நம் பெண்கள். அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. எந்த அதிகாரியும் இடாத பெயர் அது. கேட்டவர்கள் இட்ட பெயர். கேட்டவர்களின் வரலாறு குறைவு என்று தொடக்கத்தில் சொன்னேன். இந்த ஒரு சொல்லுக்குள் ஒரு தலைமுறை கேட்டது அத்தனையும் இருக்கிறது.

இதற்கிடையே இலங்கை வானொலி நம் லயங்களுக்குள் வந்துவிட்டது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியபின், தென்னிந்தியத் திரைப்பாடல்கள் மலைமலையாய் ஒலித்தன. ஒரே பாடலை நூறு தடவை ஒரே மாதிரிக் கேட்டுப் பழகிய காது, மேடையிலும் அதையே தேடத் தொடங்கியது. இசைத்தட்டிலே பாடகருக்கு இருமல் வராது, ஒலிவாங்கி கீச்சிடாது, மழையும் பெய்யாது. நேரில் பாடுபவர் ஓரிடத்தில் சுரத்தை மாற்றினால், 'றேடியோவில இப்பிடி இல்லையே' என்று முகம் சுளிக்கும் இரசிகன் உருவானான். ஏமாற்றத்தின் விதை அங்கே விழுந்தது என்பது என் கணிப்பு.

சிறுவயதில் நானும் அப்படியொரு ஏமாற்றத்தை அனுபவித்தேன். எங்கள் பக்கத்து நகர மைதானத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. அப்பா தமது சம்பள முற்பணத்திலிருந்து மூன்று ரிக்கெற் எடுத்திருந்தார். தோட்டத்திலிருந்து ஐந்து மைல் நடந்து போனோம். பாடகர் பட்டுச்சட்டையோடு வந்து அருமையாகப் பாடினார். மூன்றாவது பாடலில் நாடா சிக்கிக்கொண்டது. பாட்டு நின்றது, அவருடைய உதடு மட்டும் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பின்னால் இருந்தவர்கள் ஏசினார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நடக்கையில், "போகுது தம்பி, ஆளையாவது பாத்தம்" என்றார். ஏமாற்றப்பட்ட பின்னும் கொடுத்த காசுக்கு ஏதாவது ஒரு நியாயம் தேடும் அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அண்மைக்காலத்தில் இந்த ஏமாற்றங்கள் பெரும் அளவில் நிகழ்கின்றன. 2023 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கிய பலர் நெரிசலில் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினர். 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளை உடைத்து முன்னேற, நிகழ்ச்சி இடையில் நின்று, பின்னரே தொடர்ந்தது. இரண்டு இடத்திலும் இசையில் குறை சொன்னவர்கள் சிலர். இடத்திலும் ஒழுங்கிலும் குறை கண்டவர்கள் பலர். பாடுபவருக்கு ஆயத்தம் செய்யும் நாம் கேட்பவருக்கு ஆயத்தம் செய்வதில்லை. இளங்கோவடிகள் அரங்கை அளந்தார். நாம் அவையையும் அளந்தாக வேண்டிய காலம் இது.

அதே 2023ஆம் ஆண்டு, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சிறுமி சென்னைத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் மேடையேறினாள். மலையகம் முழுவதும் தொலைக்காட்சி முன் அமர்ந்தது. நம்மவரைப் பற்றிப் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிப்பது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலைத் தமிழ் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாணவன் ஒருவன் தன் தந்தையோடு சேர்ந்து தப்பு அடிப்பதாகப் பெயர் கொடுத்திருந்தான். பிரமுகர்கள் வருகிறார்கள், நேரம் போதாது என்று காரணம் காட்டி அதை நீக்கினேன். உண்மைக் காரணம் நேரமில்லை. தப்பு என்றால் சாவு வீட்டை நினைப்பார்கள், சாதியை நினைப்பார்கள் என்ற கூச்சம். சிறுவயதில் அந்த ஒலி கேட்டு விழித்தவன்தான் நான். மறுநாள் பையனின் தந்தை வந்தார். கோபம் இல்லை. "ஏன் சேர், சாமிக்கு அடிக்கிற தப்பு பள்ளிக்கூடத்துக்கு ஆகாதா?" என்று மட்டும் கேட்டார்.

திருவையாற்றில் தமிழுக்குத் தீட்டு என்றவர்களை வகுப்பறையில் எத்தனை தடவை கண்டித்திருப்பேன்! அதையே எங்கள் மண்டபத்தில் நானும் செய்திருந்தேன், சற்று மரியாதையான சொற்களில்.

அடுத்த ஆண்டு நானே அவருடைய லயத்துக்குப் போய் அழைத்தேன். வந்தார். முதல் வரிசையில் இரண்டொருவர் முகம் சுளித்ததும் உண்மை. பாதியில் எழுந்து தேநீருக்குப் போனவர்கள் இருந்ததும் உண்மை. பின்வரிசையில் நின்ற பெற்றோர்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வந்தார்கள். நீண்ட கரகோஷம் எதுவும் எழவில்லை. தப்பை நெருப்பில் காய்ச்ச எங்கே இடம் என்று அவர் கேட்டபோது, சமையல்கட்டுப் பக்கம் பிள்ளைகள் பத்துப் பேர் கூடவே ஓடினார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த சனம் என்ன சொல்லிச்சு என்று கேட்ட அந்த மாணவனுக்கு நான் இன்னும் முழுப்பதில் சொல்லவில்லை. இப்போது இவ்வளவு சொல்வேன். தம்பி, சனம் பல விதமாகச் சொல்லும். சில வேளை பாடகர் ஏமாற்றுவார். சில வேளை நாம் கொண்டுபோன காதே நம்மை ஏமாற்றும். அடுத்த முறை ஒரு நிகழ்ச்சியிலிருந்து நீ முகம் சுளித்து எழும்பு முன், சுளித்தது காதா மனமா என்று ஒரு கணம் பார்த்துக்கொள். நானும் இப்போதுதான் அப்படிப் பார்க்கப் பழகுகிறேன்.