பிரிட்டானிய நினைவுப் பதக்கங்கள்

நாணயத்தை அறியாதவர் இல்லை. போர்க்களத்தில் தீரம் காட்டியவர்கள் மார்பில் அணியும் விருதுப் பதக்கத்தையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். உருவில் இவற்றை ஒத்திருந்தும் இவ்விரண்டிலும் சேராத மற்றொரு வகை உண்டு. அதைக் கொடுத்துக் கடையில் உப்பும் புளியும் வாங்க இயலாது. அதனை மார்பில் அணிந்து கொள்ளும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. ஒரு முடிசூட்டு விழா, ஒரு போர் வெற்றி, ஒரு பாலத்தின் திறப்பு விழா ஆகியவற்றின் நினைவை உலோகத்தில் பொறித்து வைப்பதே அதன் தொழில். இதனையே நினைவுப் பதக்கம் என்கிறோம். இத்தாலியில் பிசானெல்லோ என்னும் ஓவியர், பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானின் உருவத்தை 1438-39 ஆண்டுகளை ஒட்டி வார்த்தெடுத்தார். அதுவே இக்கலையின் தொடக்கமெனக் கூறுவர். இங்கிலாந்து இக்கலைக்குப் பிந்தி வந்தது. ஆனால் வந்த பிறகு அதனைப்போல் ஆர்வத்தோடும் அரசியல் நோக்கத்தோடும் பதக்கம் அடித்த நாடுகள் சிலவே.

நம் நாட்டு வரலாறு படிக்கும் மாணவர்கள் சோழ மன்னர்களின் மெய்க்கீர்த்திகளை அறிவார்கள். மன்னன் வென்ற நாடுகளையெல்லாம் அவை வரிசையாக அடுக்கிச் செல்லும். அவ்வரிகளை அப்படியே நம்பிவிடாமல், வேறு கல்வெட்டுகளோடும் செப்பேடுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வரலாற்று அறிஞர் ஏற்றுக்கொள்வர். பதக்கங்களுக்கும் அதே முறை வேண்டும். பதக்கம் நிகழ்ச்சி நடந்த அக்காலத்திலேயே செய்யப்படுவது. அதுவே அதன் சிறப்பு. சில வேளைகளில் நிகழ்ச்சி முடிவதற்கு முன்பே செய்து விடுவதும் உண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். எட்வர்டு வெர்னன் என்பவர் ஆங்கிலக் கடற்படைத் தளபதி. பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். ஆறே கப்பல்கள் கொடுத்தால் ஸ்பானியருடைய போர்ட்டோ பெல்லோ துறைமுகத்தைப் பிடித்துக் காட்டுவேன் என்று சபையில் சூளுரைத்தார். ஸ்பெயினோடு போர் மூண்டது. 1739 நவம்பரில், சொன்னபடியே ஆறு கப்பல்களைக் கொண்டு அத்துறைமுகத்தைப் பிடித்தார். செய்தி மறு ஆண்டு இங்கிலாந்தை எட்டியதும் மக்கள் கொண்ட களிப்புக்கு அளவில்லை. சிறு பட்டறைகள் இரவு பகலாக வேலை செய்து வெர்னன் பதக்கங்களை வெளியிட்டன. ஒரு பக்கம் தளபதியின் உருவம். மறுபக்கம் துறைமுகமும் ஆறு கப்பல்களும். சுற்றிலும் 'ஆறே கப்பல்களால் போர்ட்டோ பெல்லோவைப் பிடித்தார்' என்ற பொருள் தரும் வாசகம். அச்சு வேறுபாடுகளைக் கணக்கிட்டால் இருநூறு வகைக்கு மேல் உண்டு. அரசாங்கம் இவற்றை அடிக்கச் சொல்லவில்லை. பொன்னும் வெள்ளியும் இவற்றில் அரிது. பித்தளையும், பொன்போல் மின்னுகிற 'பின்ச்பெக்' என்னும் செம்பு-துத்தநாகக் கலவையும் பெருவழக்கு. ஏழை மக்களும் வாங்கி வீட்டில் வைத்துக் கொண்டார்கள். அச்சு வெட்டியவர்களிற் பலர் கைதேர்ந்தவர்களல்லர். சில பதக்கங்களில் எழுத்துப் பிழைகள் கூட உள்ளன. இந்தச் செப்பமின்மையே அவற்றை எனக்கு இனியவையாக ஆக்குகிறது. அரண்மனைக் கலைஞர் செய்த அழகிய பதக்கத்தில் அரசர் பேசுகிறார். இங்கே தெருவே பேசுகிறது.

1741-இல் வெர்னன் பெரும் படையோடு கார்த்தஹேனா நகரை முற்றுகையிட்டார். இன்று கொலம்பியா நாட்டில் இருக்கும் நகரம் அது. துறைமுக வாயிலிலிருந்த கோட்டைகள் முதலில் விழுந்தன. உடனே வெற்றி கிட்டிவிட்டது போன்ற செய்தி கடல் கடந்து இலண்டனுக்குச் சென்றது. பட்டறைகளில் மீண்டும் சுத்தியல் ஓசை எழுந்தது. ஸ்பானியத் தளபதி தான் பிளாஸ் தெ லெசோ மண்டியிட்டுத் தம் வாளை வெர்னனிடம் ஒப்படைப்பதாகக் காட்டும் பதக்கங்கள் விற்பனைக்கு வந்தன. ஸ்பெயினின் செருக்கை வெர்னன் அடக்கினார் என்பது அவற்றின் வாசகம். 'உண்மையான பிரிட்டானிய வீரர்கள் 1741 ஏப்ரலில் கார்த்தஹேனாவைப் பிடித்தனர்' என்று மாதத்தையும் ஆண்டையும் குறித்தே சில பதக்கங்கள் அறிவித்தன.

நடந்தது வேறு. நகரம் பிடிபடவில்லை. மதிலேறும் முயற்சி தோற்றது. மஞ்சட் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கான ஆங்கிலப் போர்வீரர்களை மாய்த்தது. எஞ்சியவர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். லெசோ எவர் முன்னும் மண்டியிட்டதில்லை. அவரால் மண்டியிட்டிருக்கவும் இயலாது. முந்திய போர்களில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் ஒரு கையின் பயனையும் இழந்தவர் அவர். பதக்கத்திலோ இரண்டு கால்களோடு காட்சி தருகிறார். அச்சு வெட்டியவர் அவரைக் கண்டவரல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. முற்றுகை ஒழிந்த சில மாதங்களில் லெசோ காலமானார். ஆனால் அந்தப் பித்தளைப் பதக்கங்கள் அழியவில்லை. இன்றும் ஆங்கிலேயர் ஏலங்களில் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள்; ஸ்பானியர்களோ தங்கள் வெற்றிக்கு எதிரி தந்த சான்று என்று கருதி அவர்களினும் விரும்பி வாங்குகிறார்கள். அந்த முற்றுகையில் வெர்னனின் கீழ்ப் பணிபுரிந்த லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர், அமெரிக்காவில் தம் பண்ணைக்கு மவுண்ட் வெர்னன் என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அவருடைய இளவல் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மாளிகை அதுவே. தோல்விக்குக்கூட இத்தகைய நினைவுச் சின்னம் வாய்ப்பது வியப்பு!

இதற்குச் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் முற்பட்ட மற்றொரு பதக்கத்தையும் குறிப்பிட வேண்டும். 1650 செப்டம்பர் 3-இல் டன்பார் என்ற இடத்தில் ஸ்காட்லாந்துப் படையை ஆலிவர் கிராம்வெல் வென்றார். பாராளுமன்றம் அவ்வெற்றிக்குப் பதக்கம் வழங்க முடிவு செய்து, தாமஸ் சைமன் என்னும் தலைசிறந்த செதுக்குநரை எடின்பரோவுக்கு அனுப்பியது. கிராம்வெல் 1651 பிப்ரவரியில் எழுதிய கடிதத்தில், தம் உருவத்தைப் பொறிக்க வேண்டாம் என்றும், ஒருபுறம் பாராளுமன்றத்தையும் மறுபுறம் படையையும் காட்டினால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. பதக்கத்தின் முகப்பில் கிராம்வெல்லின் உருவமும், பின்புறத்தில் கூடியிருக்கும் பாராளுமன்றமும் பொறிக்கப்பட்டன. 1653 ஏப்ரலில் அதே கிராம்வெல் படைவீரர்களோடு சென்று அதே பாராளுமன்றத்தைக் கலைத்து விட்டார். ஒரே வட்டத்தின் இரு புறத்திலும் இருந்தவர்கள் மூன்றாண்டுகளுக்குள் எதிரிகளாயினர். சைமனின் கைத்திறன் மட்டும் இரு தரப்பாருக்கும் பொதுவாக நின்று நிலைத்தது.

இனி நம் நாட்டைப் பற்றிய பதக்கங்களுக்கு வருவோம். இலண்டனில் 1754-இல் நிறுவப்பட்ட கலை வணிக வளர்ச்சிச் சங்கம், அக்காலப் போர் வெற்றிகளுக்கு வரிசையாகப் பதக்கங்கள் அடிக்க ஊக்கம் தந்தது. பிளாசிப் போருக்கான பதக்கம் அவற்றுள் ஒன்று. அதன் ஒரு புறத்தில் வெற்றித் தேவதை யானைமீது அமர்ந்து வருகிறாள். மறுபுறத்தில் கிளைவ், ரோமானியத் தளபதியின் கோலத்தில் நின்று, மீர் ஜாபருக்குச் செங்கோலை அளிக்கிறார். இழைத்த தீங்குக்கு ஈடு பெறப்பட்டது, உரிமைகள் பெருகின, நிலம் கிடைத்தது என்று மூன்று சிறு தொடர்கள் அதில் உள்ளன. மூன்றாவது தொடரை ஊன்றிப் படியுங்கள். வாணிகம் செய்ய வந்த கம்பெனி நிலம் பெற்றதை இத்துணை வெளிப்படையாகச் சொன்ன ஆவணங்கள் பல இல்லை. அரசியல்வாதி மேடையில் மறைக்க விரும்புவதைப் பதக்கம் பெருமையாகச் சொல்லி விடுகிறது.

புதுச்சேரி வீழ்ச்சிக்கும் ஒரு பதக்கம் உண்டு. பிரெஞ்சுத் தளபதி லாலி, நெடிய முற்றுகைக்குப் பின் 1761 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் நகரத்தை ஒப்படைத்தார். 'பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து முற்றிலும் வெளியேற்றப்பட்டனர். புதுச்சேரி பிடிபட்டது' என்பது அப்பதக்கத்தின் அறிவிப்பு. நகரம் பிடிபட்டது உண்மை. முற்றிலும் வெளியேற்றப்பட்டனர் என்பதுதான் பொருந்தவில்லை. 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கே திரும்பக் கிடைத்தது. பின்னரும் கைமாறிக் கைமாறி அவர்களிடமே வந்து சேர்ந்தது. பதக்கம் அடித்தவர்களே இந்தியாவை விட்டு 1947-இல் போய்விட்டார்கள். அவர்கள் வெளியேற்றி விட்டதாகச் சொன்ன பிரெஞ்சுக்காரர், 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரியில் இருந்தார்கள்.

சீரங்கப்பட்டணப் பதக்கம் இன்னும் நுட்பமானது. 1799 மே 4-இல் கோட்டை விழுந்து திப்பு சுல்தான் மாண்ட பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனியார் பர்மிங்காமுக்கு அருகில் மாத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையிடம் அப்பதக்கத்தைச் செய்யச் சொன்னார்கள். நீராவியால் இயங்கும் அச்சுப் பொறிகளைக் கொண்டு நாணயம் அடித்தவர் போல்டன். வடிவமைத்தவர் கூக்லர் என்ற ஜெர்மானியக் கலைஞர். முகப்பில் ஒரு சிங்கம் புலியை வீழ்த்துகிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்புவின் சின்னம். மேலே உள்ள கொடியில் அரபு எழுத்தில் 'அசதுல்லாஹில் காலிப்' என்ற தொடர் உள்ளது. இறைவனின் சிங்கமே வெல்வது என்பது அதன் பொருள். இதே தொடரைத் திப்பு தம் படைக்கலங்களிற் பொறித்து வைத்திருந்தார் என்பதை நினைவிற் கொண்டால், பதக்கத்தின் உட்குத்து விளங்கும். தோற்றவனுடைய மந்திரத்தையே எடுத்து அவனுக்கு எதிராக ஓதியிருக்கிறார்கள்.

இப்பதக்கம் படையினருக்கு அளிக்கப்பட்டது. ஆதலால் இதனை விருது வகையிற் சேர்ப்பாரும் உளர். பெறுவோரின் பதவிக்கு ஏற்ப உலோகம் மாறியது. மேல்நிலையில் இருந்தோருக்குப் பொன். அதற்கடுத்துப் பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று படிப்படியாக இறங்கிச் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். மதராஸ் படையின் சிப்பாய்கள் பெற்றது அந்த வெள்ளீயமே. வடிவம் ஒன்று, வாசகம் ஒன்று, எடையும் மதிப்பும் மட்டும் வேறு. கம்பெனிப் படையின் ஏற்றத்தாழ்வை விளக்க நீண்ட அட்டவணை எதுவும் வேண்டியதில்லை; ஐந்து பதக்கங்களை வரிசையாக வைத்தாலே போதும்.

பதக்கம் சேர்க்க விரும்புவோர் பொருளுடையவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விக்டோரியா அரசியின் 1887, 1897-ஆம் ஆண்டு விழாக்களுக்கு இங்கிலாந்தின் ஊர்தோறும் பள்ளிதோறும் வெள்ளீயக் கலவையில் அடித்த பதக்கங்கள் மிகப் பல. அவை இன்றும் எளிய விலைக்குக் கிடைப்பன. தபால் தலை சேர்க்கும் மாணவருக்கு ஒரு செய்தி: 1840-இல் வெளிவந்த உலகின் முதல் தபால் தலையில் உள்ள இளம் விக்டோரியாவின் முகம், அரசி 1837 நவம்பரில் இலண்டன் கில்டுஹால் மாளிகைக்கு வந்ததை ஒட்டி வில்லியம் வையன் செய்த பதக்கத்திலிருந்து எடுத்தது.

வாங்கும்போது முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். அச்சில் அடித்த பதக்கத்தைப் பார்த்து மணலில் அச்செடுத்து வார்த்த போலிகளில், விளிம்பில் அரம் தேய்த்த கோடு தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி சற்றுச் சிறிதாகவும் இருக்கும். பழைய அச்சுகளைப் பாதுகாத்துப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அடிப்பதும் உண்டு. அச்சு துருப்பிடித்திருந்தால், அதன் குழிகள் பதக்கத்தின் மேல் மணல் தூவியதுபோன்ற சிறு மேடுகளாக விழும். முதற் பதிப்பா பிற்பதிப்பா என்று அறிய இது உதவும். புளியும் சாம்பலும் இட்டு விளக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து சமையலறையோடு நிறுத்திக் கொள்ளுங்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த மென்மையான நிறம் ஒருமுறை போனால் திரும்பி வராது.

எதிரி நாட்டுப் பதக்கத்தையே பிரிட்டன் பிரதி செய்த கதையும் ஒன்றுண்டு. 1915 மே 7-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் லூசிட்டேனியா என்னும் பயணிக் கப்பலை மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். மியூனிக் நகரத்துப் பதக்கக் கலைஞர் கார்ல் கெட்ஸ், பயணச் சீட்டு விற்கும் சாளரத்தில் ஓர் எலும்புக்கூடு அமர்ந்திருப்பதாகக் காட்டி, கப்பல் நிறுவனத்தின் பேராசையைச் சாடி ஒரு பதக்கம் செய்தார். ஆனால் தேதியை மே 5 என்று தவறாகப் பொறித்து விட்டார். பிரிட்டானியர் அதைப் பற்றிக்கொண்டார்கள். கப்பலைக் கவிழ்ப்பது முன்கூட்டியே திட்டமிட்ட கொலை என்பதற்கு இதோ சான்று என்றார்கள். அப்பதக்கத்தை அப்படியே பிரதி எடுத்து, அழகிய அட்டைப் பெட்டியிலிட்டு, இலட்சக்கணக்கில் விற்றார்கள். கெட்ஸ் தேதியைத் திருத்தி வெளியிட்டும் பயனில்லை. இன்று பழம்பொருட் கடைகளிற் காணும் லூசிட்டேனியாப் பதக்கங்களில் பெரும்பான்மை அந்தப் பிரிட்டானியப் பிரதிகளே. வேற்றுமை காண்பது எளிது. ஜெர்மானியப் பதக்கத்தில் மாதத்தின் பெயர் ஜெர்மன் மொழி முறைப்படி 'மாய்' என்று இருக்கும். பிரதியில் ஆங்கில முறைப்படி 'மே' என்று இருக்கும். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஆராயத் துணை செய்யும் நூல்களும் உள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பழம்பொருட் காப்பாளராக இருந்த எட்வர்டு ஹாக்கின்ஸ், பதக்கங்களைக் கொண்டே தம் நாட்டு வரலாற்றை விளக்கும் நூலை எழுதினார். அதன் முதற்பகுதி 1852-இல் அச்சாயிற்று. ஆனால் சில பத்திகளில் அவர் தம் சமய, அரசியல் சார்பை அழுத்தமாக எழுதியிருந்தமையால் அருங்காட்சியக அறங்காவலர்கள் அதனை வெளியிட மறுத்து விட்டார்கள். அருங்காட்சியகம் 1860-இல் அவருடைய பதக்கத் தொகுதியை மட்டும் விலைக்கு வாங்கிக் கொண்டது. அவர் 1867-இல் காலமானார். பிராங்ஸ், குரூபர் என்னும் அறிஞர் இருவர் நூலைத் திருத்தி விரிவாக்கி 1885-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார்கள். வெர்னன் பதக்கங்களின் வகைகளையும் பொறுமையாக விரித்துரைத்த அந்நூலைப் பழைய பதக்கங்களின் விற்பனைப் பட்டியல்கள் இன்றும் மேற்கோளாகக் காட்டுகின்றன.