ஆனையிறவு

யானைகள் செத்த இடமா? ஊர்ப்பெயரை முதன்முறை கேட்பவர் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ‘இறத்தல்’ என்றால் சாவு மட்டுமே என்று நாம் சுருக்கிக்கொண்டதன் விளைவு இது. பழந்தமிழில் அது முதலில் கடத்தல், எல்லை தாண்டல். பாலை வழியைக் கடப்பதைச் சங்கப் புலவர்கள் ‘சுரம் இறத்தல்’ என்றார்கள். 310ஆம் குறளில் ‘இறந்தார்’ என்ற ஒரே சொல் அடுத்தடுத்து வருகிறது: முதலாவது சினத்தில் அளவு கடந்தவரையும், இரண்டாவது செத்தவரையும் குறிக்கும்.

ஆக, ஆனையிறவு யானை கடக்கும் இடம். வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பிரிக்கும் கடல்நீரேரியின் ஆழம் குறைந்த பகுதி அது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இவ்வழியே நடத்திக் கொண்டுபோய் ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். போர்த்துக்கேயர் அத்துறையை ‘யானைத் துறை’ என்றே தம் மொழியில் அழைத்தார்கள். அத்துறையின் கயிற்ஸ் என்ற பெயர் அதன் தேய்வு. ஆனையிறவின் சிங்களப் பெயரான அலிமங்கடவுக்கும் ஆங்கிலப் பெயரான எலிபன்ட் பாஸுக்கும் அதே பொருள்தான்.

அகராதியில் இறவுக்கு இறால் என்றும் ஒரு பொருள் உண்டு. ஏரியில் இறாலுக்குக் குறைவில்லை. ஆனாலும் யானையளவு இறாலை யாரும் பிடித்ததாகத் தெரியவில்லை!